பிளஸ் டூ இயற்பியல்: கண்டுபிடிப்புக் கேள்விகளில் மதிப்பெண் போகும் இடங்கள்

செங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, இரண்டு பெஞ்சு. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளோடு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. திருப்புதல் தேர்வு முடிந்து விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டும்போது, வருடாவருடம் ஒரே மாதிரித் தவறுகளைத்தான் பார்க்கிறேன். கணக்குகளைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கண்டுபிடிப்பை விளக்கச் சொன்னால்தான் ஐந்துக்கு இரண்டோடு நின்றுவிடுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கே இப்படி ஆகும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெரிய தவறு, பார்த்ததை விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதுவது. போன வருடம் ஒரு பையன், ரூதர்ஃபோர்டின் ஆல்ஃபா சிதறல் சோதனையின் முடிவுகளைக் கேட்ட இடத்தில், "அணுவின் மையத்தில் அணுக்கரு உள்ளது. அது நேர்மின்னூட்டம் கொண்டது. எலக்ட்ரான்கள் அதைச் சுற்றி வருகின்றன" என்று எழுதியிருந்தான். மூன்று வரியும் சரிதான். ஆனால் சோதனை எங்கே? அவனை உட்காரவைத்துக் கேட்டேன்: "அணுக்கருவை யாராவது கண்ணால் பார்த்தார்களா?" இல்லை. 1909-இல் ரூதர்ஃபோர்டிடம் வேலை பார்த்த கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் விழுந்த சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியாக எண்ணினார்கள். நேர்மின்னூட்டமுள்ள ஆல்ஃபா துகள்களில் பெரும்பாலானவை மெல்லிய தங்கத் தகட்டைத் தாண்டி நேராகப் போய்விட்டன. சில மட்டும் விலகின. ஆயிரக்கணக்கில் ஒன்று வந்த வழியே திரும்பியது. அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாகச் சேருங்கள். பெரும்பாலானவை நேராகப் போனதால், அணுவில் பெரும்பகுதி வெற்றிடம். ஒன்றிரண்டு திரும்பியதால், நேர்மின்னூட்டமும் கிட்டத்தட்ட முழு நிறையும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும். தாம்சன் சொன்னதுபோல நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருந்தால் ஒரு துகள்கூட அப்படித் திரும்பியிருக்காது. ரூதர்ஃபோர்டு 1911-இல் சொன்னது இதைத்தான். அணு சுமார் 10⁻¹⁰ மீட்டர், அணுக்கரு சுமார் 10⁻¹⁴ மீட்டர், அதாவது பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். ஐந்து மில்லிமீட்டர் மிளகு ஒன்றை அணுக்கரு என்று வைத்துக்கொண்டால், அணு ஐம்பது மீட்டர் அகலம் இருக்கும். புளியரை வயலின் நடுவில் ஒரு மிளகு கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் அதற்கப்புறம் இந்தக் கேள்வியில் மதிப்பெண் விட்டதே இல்லை.

அடுத்தது, கண்டவரையும் விளக்கியவரையும் ஒருவராக்கிவிடுவது. ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவரும் ஒளிமின் விளைவைக் கண்டுபிடித்தவர் ஐன்ஸ்டீன் என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். 1887-இல் முதலில் கவனித்தவர் ஹென்ரிச் ஹெர்ட்ஸ், அதுவும் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது. பிறகு ஹால்வாக்ஸும் லெனார்டும் விரிவாகச் சோதித்தார்கள். 1905-இல், ஒளி சின்னச் சின்ன ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்ற ஃபோட்டான் கருத்தைக் கொண்டு விளக்கமும் ஒரு சமன்பாடும் தந்தவர் ஐன்ஸ்டீன். அந்தச் சமன்பாட்டை நம்பாத மில்லிகன், அது தவறு என்று காட்டவே பல வருடம் உழைத்தார். 1916-இல் அவருடைய அளவீடுகளே அதைச் சரி என்று காட்டிவிட்டன. ஐன்ஸ்டீனுக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் கிடைத்தது இந்த விளைவின் விதிக்காக, சார்பியலுக்காக அல்ல. ஒரு மதிப்பெண் வினாவில் இங்கே வழுக்குகிறவர்கள் நிறையப் பேர்.

இதே பாடத்தில் இன்னொரு குழி. ஒளியின் செறிவைக் கூட்டினால் எலக்ட்ரானின் வேகம் கூடும் என்று எழுதுவது. சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் வெளியேற்று ஆற்றல், அதாவது ஒரு எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட். 400 நானோமீட்டர் ஊதா ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு 3.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், ஆகவே வெளிவரும் எலக்ட்ரானுக்கு அதிகபட்சம் 0.8 மிஞ்சும். 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியில் ஒரு ஃபோட்டானிடம் இருப்பதே 2.07 தான். எத்தனை விளக்கைப் போட்டாலும் ஒரு எலக்ட்ரான்கூட வெளியே வராது. செறிவு கூடினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடும், அதுவும் அதிர்வெண் போதுமானதாக இருந்தால் மட்டும். அப்புறம், அந்த ஊதா ஒளியில் வெளிவரும் எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தத் தேவையான நிறுத்து மின்னழுத்தத்தை 0.8 வோல்ட் என்று எழுத வேண்டும். எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதினால் அது ஆற்றலாகிவிடும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. ஹெர்ட்ஸ் இரண்டு பேர்: மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியவர் ஹென்ரிச், அணுவின் ஆற்றல் நிலைகளைக் காட்டிய ஃபிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையின் ஹெர்ட்ஸ் அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் குஸ்டாவ். தாம்சனும் இரண்டு பேர்: எலக்ட்ரானைத் துகள் என்று காட்டியவர் அப்பா ஜே.ஜே. தாம்சன், அதற்கு அலைப்பண்பு உண்டு என்று காட்டியவர்களில் ஒருவர் மகன் ஜி.பி. தாம்சன். ஜே.ஜே. தாம்சன் அளந்தது மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம். மின்னூட்டத்தைத் தனியாக, துல்லியமாக அளந்தது மில்லிகனின் எண்ணெய்த்துளி ஆய்வு. இதையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

ராமன் விளைவு என்றதும் "வானம் நீலமாக இருக்கக் காரணம்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. வானத்தின் நீலம் ராலே சிதறல், அதில் அதிர்வெண் மாறுவதில்லை. 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் ராமன் கண்டது, சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதியின் அதிர்வெண் மாறியிருந்ததை. ராமனோடு அந்த வேலையில் இருந்த கே.எஸ். கிருஷ்ணன், நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற வத்திராயிருப்பில் பிறந்தவர். அதையும் சொல்லித்தான் இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாவது வரை மலையாளத்தில் படித்த ஒரு பெண், "சாரே, பிரகாச வைத்யுத பிரபாவம்தானே இது?" என்று கேட்டாள். அதேதான். மனசுக்குள் எந்த மொழியில் புரிந்துகொண்டாலும் சரி, விடைத்தாளில் நம் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதிப் பழகுங்கள். அந்தப் பக்கத்துத் தோழர்களிடமிருந்து வாங்கும் வினா வங்கியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேரளத்தில் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், நமக்கு வேறு புத்தகம். எந்தச் சோதனையை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும் என்பதற்கு நம் புத்தகம்தான் கணக்கு.

வருடங்களை முழுக்க உருப்போட வேண்டாம். வரிசை தெரிந்தால் போதும்: 1897-இல் எலக்ட்ரான், 1911-இல் அணுக்கரு, 1913-இல் நீல்ஸ் போரின் அணு மாதிரி, 1932-இல் நியூட்ரான்.

அந்த நியூட்ரானை வைத்தே பயிற்சியைத் தொடங்கச் சொல்வேன். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் முடிவு. ஆல்ஃபா துகள்கள் பட்ட பெரிலியத்திலிருந்து மின்னூட்டம் இல்லாத கதிர்வீச்சு ஒன்று வந்தது. அது பாரஃபின் மெழுகில் பட்டு புரோட்டான்களை வேகமாக வெளியே தள்ளியது. இது இடப்பக்கம். புரோட்டான்கள் வெளிவருவதை முதலில் பார்த்த ஜோலியோ–கியூரி தம்பதியர், வலப்பக்கத்தில் காமாக் கதிர் என்று எழுதினார்கள். அவ்வளவு வேகத்தில் புரோட்டானைத் தள்ள காமாக் கதிருக்கு ஆற்றல் போதாது என்று கண்ட சாட்விக், புரோட்டானுக்குக் கிட்டத்தட்டச் சமமான நிறையுள்ள துகள் என்று எழுதினார். இடப்பக்கம் இருவருக்கும் ஒன்றுதான். நோட்டை மூடிவிட்டு, இந்த இரண்டு வலப்பக்கத்தையும் காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.