சேம்பருக்குள் போகும் முன்

கும்பகோணத்தில் குடல் நோய் பார்க்கும் மருத்துவன் நான். அல்சரேட்டிவ் கோலைடிஸ், கிரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களில் சிலர் இப்போது சென்னைக்கு ரயிலேறிப் போய் ஹைபர்பேரிக் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார்கள். சேம்பர் என்ற மூடிய அறைக்குள், கடலில் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில், ஒன்றரை மணி நேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பதுதான் சிகிச்சை. முன்னால் போனவர்கள் பட்ட பாட்டையே புதிதாகப் போகிறவர்களும் படுகிறார்கள். ஃபைலை மறக்காதீர்கள், நேரத்துக்குப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

எண்ணெய்க் குளியல்

ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் தீப்பொறி ஒன்று போதும், எண்ணெய்ப் பசை பற்றிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய், மேலுக்குத் தைலம், பாலியஸ்டர் புடவை மூன்றும் வேண்டாம். பருத்தி மட்டும். போனும் வெளியிலேயே இருக்கட்டும்.

மாத்திரையை நிறுத்துவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது இதில்தான். திருத்துறைப்பூண்டி பக்கத்து இளைஞர் ஒருவர், மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முகம் உப்பிப் போனதில் வெறுத்துப்போயிருந்தார். குறுவை நெல் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு சென்னை போனார். அங்கே யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவராகவே எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். சில நாளில் அவருடைய அப்பா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். ஓயாத வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, பிரஷர் ரொம்பக் குறைவு. "அதான் ஆக்சிஜன் எடுக்கிறேனே டாக்டர்" என்கிறார், அந்த நிலையிலும்!

ஸ்டீராய்டு நீண்ட நாள் வெளியிலிருந்து வந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதென்று வருடக்கணக்கில் ஓட்டாமல் போட்ட பம்புசெட், வாய்க்கால் வற்றிய அன்றே இறைக்குமா? படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எந்த வாரம் எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சேம்பருக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2018 அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் 18 பேர்தான். கோலைடிஸ் தீவிரமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். ஸ்டீராய்டு ஊசி போய்க்கொண்டிருக்கும்போதே சேம்பரும் கொடுத்தார்கள். பலன் நம்பிக்கை தருவதாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மருந்துக்குப் பதில் ஆக்சிஜன் என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை. மருந்து, சிகிச்சைகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் குடல் அழற்சிக்கு இதை இன்னும் அங்கீகரிக்கவில்லை.

ஜிப் வைத்த பை

சேம்பருக்குப் பதில் வீட்டிலேயே உள்ளே படுத்துக்கொள்ளலாம் என்று விற்கும் பை பெரும்பாலும் 1.3 அட்மாஸ்ஃபியர் அழுத்தம்தான் தரும். ஆய்வுகளில் கொடுத்தது 2 முதல் 2.5. வாங்காதீர்கள்.

பழைய டி.பி.யை மறைப்பது

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இது சகஜம். தழும்பேறிய நுரையீரலில் காற்று சிக்கியிருந்தால், அழுத்தம் இறங்கும்போது அது விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். டெக்னீஷியனிடமாவது தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சளியோடு போவது

போகாதீர்கள். காதில் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழியலாம்.

வெறும் வயிறு

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சேம்பருக்குள் ரத்தச் சர்க்கரை இறங்கலாம். இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

புதுக் கண்ணாடி

பல அமர்வுகளுக்குப் பிறகு பஸ் போர்டு மங்கலாகத் தெரிந்தால் உடனே கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டாம். சிகிச்சை முடிந்து சில வாரத்தில், சிலருக்குச் சில மாதத்தில், பெரும்பாலும் பழைய பார்வை திரும்பிவிடும். அதற்கப்புறம் பவர் பாருங்கள்.