ஆய்வகத்தில் நின்றுபோன டாக்கர் பயிற்சி

மூன்றாம் ஆண்டு மென்பொருள் பொறியியல் மாணவர்களுக்கு டெவ்ஆப்ஸ் (மென்பொருளை உருவாக்குவதையும் இயக்குவதையும் இணைக்கும் முறை) பாடத்தைச் செய்முறைத் திட்டங்கள் வழியே நடத்தி வருகிறேன். ஒருமுறை அறுபது பேரும் ஒரே நேரத்தில் டாக்கர் இமேஜை (ஒரு நிரலை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதியை) உருவாக்கத் தொடங்கியபோது, பாதி வகுப்பைத் தாண்டுவதற்குள் 429 (அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகள்) என்ற பிழை வரத் தொடங்கியது. மாணவர்களோ இமேஜை உருவாக்கும் கட்டளைகளை எழுதிய தங்கள் டாக்கர்ஃபைலில்தான் தவறு இருப்பதாக எண்ணி, சரியாக இருந்த வரிகளையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில், புதிய இமேஜுக்கு அடித்தளமாகும் இமேஜ்கள் டாக்கர் ஹப் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து வந்தன; உள்நுழையாமல் அங்கிருந்து இமேஜ்களை இறக்குவதற்கு ஒரு ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 என்ற வரம்பு 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஆய்வகக் கணினிகள் அனைத்தும் ஒரே பொது முகவரி வழியாகவே இணையத்தை அடைவதால், ஆளுக்கு இரண்டு இமேஜ் இறக்கினாலே அது தீர்ந்துவிடும். இதை நான் முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும்.

ஆய்வக சர்வரில் டாக்கரின் ரெஜிஸ்ட்ரி (இமேஜ்களைச் சேமித்து வழங்கும் மென்பொருள்) கன்டெய்னரை டாக்கர் ஹப்புக்கான இடைச்சேமிப்பாக இயக்கி, ஒவ்வொரு கணினியின் டீமன்.ஜேசன் என்ற டாக்கர் அமைப்புக் கோப்பிலும் அதன் முகவரியை 'ரெஜிஸ்ட்ரி மிரர்ஸ்' என்ற இடத்தில் சேர்த்து, டாக்கரை மறுதொடக்கம் செய்தோம். அதன்பின் ஓர் இமேஜ் வெளியிலிருந்து ஒருமுறை வந்தால் போதுமானதாயிற்று. இந்த அமைப்பை மாணவர்களையே செய்ய வைத்தேன்; பிழைச்செய்தியை முழுவதும் படிக்காமல் குறியீட்டில் கைவைக்கும் பழக்கம் அன்றுதான் சற்றுக் குறைந்தது.