துருக்கி போறீங்களா? பழைய ஊர்ல ராத்திரி தங்குங்க

கேஎல்ல ஏஜென்ட்டுக்கிட்ட துருக்கி பேக்கேஜ் கேட்டா பெரும்பாலும் ஒரே ரூட்டுதான், இஸ்தான்புல், பலூன் பறக்குற கப்படோக்கியா, பமுக்கலே, மிச்ச நேரமெல்லாம் பஸ்ஸுக்குள்ள. பழைய ஊருங்கள நின்னு நிதானமா பாக்கணும்னு ஆசைப்படுறவங்க சொந்தமா பிளான் போடுங்க. மலேசியா பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசா வேணாம், ஊருக்கு ஊர் பஸ் ஓடுது, பயப்பட ஒண்ணுமில்ல.

முதல்ல புர்சா. இஸ்தான்புல்லேருந்து முதான்யாவுக்கு ஃபெர்ரி, அங்கேருந்து பஸ். 1326ல ஒட்டோமான்காரங்க, அதாவது அந்தக்கால துருக்கி ராஜாங்க, பிடிச்சு தலைநகரா ஆக்கின ஊரு. உலு ஜாமி பள்ளிவாசலுக்கு 20 டோம், தொழுகைக்கு முன்னால கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கிற தண்ணித்தொட்டியே தொழுகை ஹாலுக்குள்ளதான் இருக்கு. பக்கத்துல 1491ல கட்டின கோசா ஹான், ஒரு காலத்துல பட்டுக்கூடு வித்த சந்தை, இப்ப பட்டு ஷால் கடைங்க. உடனே வாங்கிடாதீங்க, முற்றத்துல உக்காந்து ஒரு டீ குடிங்க, நாலு கடை விலை கேளுங்க, அப்புறம் வாங்கலாம்.

அடுத்தது சஃப்ரான்போலு, எனக்கு உசுரு இந்த ஊர்தான். அங்காரா வரைக்கும் ஒரு பஸ், அங்கேருந்து இன்னும் மூணு மணி நேரம் மாதிரி. பஸ் மேல புது டவுன்ல எறக்கிவிட்டுரும், அங்கேயே ரூம் போட்டுடாதீங்க, மினிபஸ் புடிச்சு கீழ சார்ஷிக்கு போயிருங்க, பழைய வீடெல்லாம் அங்கதான், நிறைய வீட்ட இப்ப ஹோட்டலா ஆக்கிட்டாங்க. கீழ்மாடி கல்லு, மேல மரச்சட்டம் போட்டு மண்கல்லு அடைச்சது, மேல்மாடி ரோட்டுப் பக்கமா தள்ளிக்கிட்டு நிக்கும். 1994ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க. கய்மகாம்லார் வீடுன்னு ஒரு மியூசியம் இருக்கு, கட்டாயம் உள்ள போங்க, சுவத்து அலமாரி மாதிரி ஒரு கதவு இருக்கும், திறந்தா உள்ள குளிக்கிற இடம்! இந்த ஊரு வீடுங்கள்ல சுத்துற அலமாரியும் உண்டு, பொம்பளைங்க பக்கத்துலேருந்து சாப்பாட்ட வச்சு சுத்திவிட்டா ஆம்பளைங்க ரூமுக்கு வந்துரும், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியதில்ல. ஜார்ஜ்டவுன் கடைவீட்டுல வளந்தவங்களுக்கு பழைய வீட்ட இப்படி பாதுகாக்குறத பாத்தா மனசு நிறையும். ரோடு பூரா கருங்கல்லு, உருட்டுற பேக் வேணாம், தோள்ல மாட்டுறது கொண்டு போங்க.

சாப்பாட்டுல நம்மாளுங்க ஒண்ணு கவனிக்கணும், மெனுல டானான்னு இருந்தா மாடு, தாவுக்னா கோழி. கெபாப்ல ஆட்டோட மாட்டையும் கலப்பாங்க, கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. சைவம்னா பருப்பு சூப்பும் சீஸ் வச்ச பிதே ரொட்டியும் எங்கயும் கிடைக்கும்.

திரும்ப அங்காரா வந்து ஃபாஸ்ட் டிரெயின் ஏறுனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள கோன்யா, பச்சைக் கோபுரத்துக்கு அடியில சூஃபி கவிஞர் ரூமி அடக்கமாயிருக்கிற இடம். அவரு இறந்தது 1273 டிசம்பர் 17, அதனால டிசம்பர்ல அங்க சூஃபிங்க சுத்திச் சுத்தி ஆடுற சுழலும் தர்வேஷ் நிகழ்ச்சி பெருசா நடக்கும். அந்த நேரத்துல போறதா இருந்தா ரூமையும் டிரெயின் டிக்கெட்டையும் முன்னாலயே போட்டுருங்க, தடிச்ச கோட்டும் எடுத்துக்குங்க, குளிரு நம்ம கேமரன் மலை குளிரு இல்ல. கோன்யாவுலேருந்து இஸ்தான்புல்லுக்கு நேர் டிரெயின் இருக்கு, வந்த வழியே சுத்த வேண்டியதில்ல.