சுகர் ரிப்போர்ட்ல இருக்குற வார்த்தைகளை வரிசையா படிக்கிறது எப்படி?

லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்ததும் தடிச்ச எழுத்துல இருக்குற நம்பரை மட்டும் பாத்து பயந்துக்காதீங்க, நார்மல்னு உடனே மூடியும் வெச்சிடாதீங்க. வரிசையா படிங்க.

ஸ்டெப் 1: எஃப்பிஎஸ். அதாவது ஃபாஸ்டிங், குறைஞ்சது 8 மணி நேரம் தண்ணி தவிர எதுவும் உள்ள போகாம எடுக்குறது, சக்கரை போடாத காபிதானேனு குடிச்சிருந்தாலும் அது ஃபாஸ்டிங் கிடையாது. 100க்கு கீழன்னா நார்மல், 100ல இருந்து 125 வரைக்கும் ப்ரீ டயாபடிஸ், அதாவது சுகர் நோய்க்கு முந்தின நிலை, 126ல இருந்து டயாபடிஸ் கணக்கு. ஆனா அறிகுறி எதுவும் இல்லன்னா ஒரு தடவை வந்த நம்பரை வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணுவாங்க.

ஸ்டெப் 2: பிபிபிஎஸ். அதாவது சாப்பிட்ட பிறகு எடுக்குற சுகர். சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து 2 மணி நேரம், கை கழுவினதுல இருந்து இல்ல. சுகர் மாத்திரை போடுறவங்க டாக்டர் வேற மாதிரி சொல்லலன்னா வழக்கம்போல போட்டுட்டே சாப்பிடுங்க, மாத்திரை வேலை செய்யுதானு பாக்கத்தானே இந்த டெஸ்ட்டே.

ஸ்டெப் 3: ஹெச்பிஏ1சி. இதுல கொஞ்சம் நின்னு படிங்க. ரத்தத்துல இருக்குற சக்கரை ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும், சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோட இருக்கும், அதனால எவ்வளவு ஒட்டியிருக்குனு அளந்தா கடந்த 2, 3 மாசத்து சராசரி தெரிஞ்சிடும். டெஸ்டுக்கு முன்னாடி நாள் பட்டினி கிடந்தா ஃபாஸ்டிங் இறங்கலாம், இது அசையாது. 5.7க்கு கீழ நார்மல், 6.5ல இருந்து டயாபடிஸ், நடுவுல இருந்தா ப்ரீ டயாபடிஸ். 7னு வந்தா சராசரி சுகர் 154னு அர்த்தம். ரத்தசோகை இருந்தா இந்த நம்பர் தப்பா காட்டலாம், இரும்புச்சத்து குறைவுன்னா உண்மையை விட ஏத்தி காட்டலாம், நம்ம ஊர்ல பெண்களுக்கு இது ரொம்ப சகஜம், அதனால ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்தே டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஸ்டெப் 4: கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேத்துற கழிவோட ரத்த அளவு. அது நார்மல்னு போட்டிருந்தா கிட்னி பத்திரம்னு நினைச்சிடாதீங்க, தயவுசெஞ்சு. கிட்னி கணிசமா கெட்ட பிறகுதான் அது ஏறும். யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம் கசியுதானு பாக்குற ஆல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ அதுக்கு ரொம்ப முன்னாடியே காட்டிக்குடுக்கும், 30க்கு கீழ இருக்கணும். சுகர் இருக்குறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை இதை கேட்டு வாங்கி எடுங்க.

கடைசியா யூனிட். லண்டன், கனடால இருக்குற சொந்தக்காரங்க ஃபாஸ்டிங் 7தான்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க, அங்க அளவு வேற, நம்ம ரிப்போர்ட்ல mg/dL, அங்க mmol/L, அதனால 18ஆல பெருக்குங்க, 126 வரும்.