பதக்க வரிசையை வைத்து ஒரு போர்வீரரின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

பழைய ராணுவப் புகைப்படங்களில் நெஞ்சு நிறையப் பதக்கங்களுடன் யாராவது நின்றால் 'பெரிய வீரர் போல' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். அந்த வரிசையில் அவர் எந்த ஊரில், எந்த ஆண்டில் சண்டை போட்டார் என்பது வரை எழுதியிருக்கிறது. படிக்கத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

பழகுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆள் பிரிட்டிஷ் தளபதி ஏட்ரியன் கார்ட்டன் டி வியார்ட். 1880இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர், இரண்டு உலகப் போர்கள் என மூன்றையும் பார்த்தவர். ஒரு கண் கிடையாது, இடது கையும் கிடையாது.

படி 1: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

பதக்கங்கள் அணிந்தவரின் இடது மார்பில் இருக்கும். அவற்றில் உயர்ந்தது சட்டைப் பொத்தானுக்கு மிக அருகில் வரும். நீங்கள் எதிரே நின்று பார்த்தால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம், நாம் எழுத்தைப் படிப்பது போலவே. முதலில் வீரத்துக்கான விருதுகள், அப்புறம் போர்ச் சேவைப் பதக்கங்கள். சேவைப் பதக்கங்கள் பெரும்பாலும் கால வரிசையில் இருக்கும்.

படி 2: வீர விருதைத் திருப்பிப் பாருங்கள்

கருஞ்சிவப்பு ரிப்பனில் தொங்கும் மங்கலான வெண்கலச் சிலுவைதான் விக்டோரியா கிராஸ். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது அது. பார்க்க ஒன்றும் பளபளப்பாக இருக்காது. ஆனால் பின்பக்கம் வட்டத்துக்குள் வீரச்செயல் நடந்த தேதி பொறிக்கப்பட்டிருக்கும். மேலே உள்ள பட்டையின் பின்புறம் பெயரும் படைப்பிரிவும் இருக்கும். தேதி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கார்ட்டன் டி வியார்ட்டுக்கு அந்தத் தேதி 1916 ஜூலை 2, 3. இடம் பிரான்சில் சொம் போர்முனையின் லா புவாசெல் கிராமம். குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் 8ஆவது பட்டாலியனை அவர் நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்துப் பட்டாலியன்களின் தலைவர்கள் மூன்று பேரும் வீழ்ந்துவிட, அவர்களுடைய படைகளையும் சேர்த்து இவரே நடத்தினார். இதையெல்லாம் எங்கே தெரிந்துகொள்வது? லண்டன் கெஜட் என்ற அரசிதழில். இந்த விருதுக்கான அறிவிப்பு அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. தேதியை வைத்துக்கொண்டு அரசிதழைத் தேடுவதுதான் இந்தத் துறையில் எல்லாரும் செய்யும் முதல் காரியம்.

ஒரு கையால் எறிகுண்டை எப்படி வீசினார் என்று கேட்பீர்கள். குண்டின் ஊசியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு வீசுவாராம்.

அடுத்து வெள்ளை எனாமல் பூசிய சிலுவை, ஓரங்களில் நீலம் வைத்த சிவப்பு ரிப்பன். இது டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்), அதிகாரிகளுக்கானது. அவருக்கு 1915இல் கிடைத்தது. அந்தக் கால டி.எஸ்.ஓ.வில் பெயர் பொறிப்பது கிடையாது. எனவே இதுவும் கெஜட் வேலைதான்.

படி 3: ரிப்பன் மேல் உள்ள சின்னப் பட்டையை விட்டுவிடாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஆப்பிரிக்கப் பொதுச் சேவைப் பதக்கம் பல ஆண்டுகள், பல சண்டைகளுக்குக் கொடுக்கப்பட்டது. எந்தச் சண்டை என்பதை ரிப்பனில் கோத்த பட்டைதான் சொல்லும். இவர் கலந்துகொண்ட சண்டைக்கான பட்டை 'ஷிம்பர் பெரிஸ் 1914-15'. சோமாலிலாந்தில் ஒட்டகப் படையோடு ஷிம்பர் பெரிஸ் கோட்டையைத் தாக்கியபோதுதான் முகத்தில் சுடப்பட்டு இடது கண்ணை இழந்தார்.

படி 4: முதல் உலகப் போரின் மூன்று பதக்கங்கள்

ஒரு நட்சத்திரம், ஒரு வெள்ளிப் பதக்கம், வானவில் ரிப்பன் போட்ட வெற்றிப் பதக்கம். இந்த மூன்றும் சேர்ந்தே வருவதால் பிரிட்டிஷ்காரர்கள் பிப், ஸ்க்வீக், வில்ஃபிரட் என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள்.

நட்சத்திரத்தில் இரண்டு வகை உண்டு. 1914 நட்சத்திரம், அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பிரான்சிலோ பெல்ஜியத்திலோ இருந்தவர்களுக்கு மட்டும். மற்றது 1914-15 நட்சத்திரம். இப்போது நீங்களே சொல்லுங்கள், நம்மாளுக்கு முதல் வகை கிடைத்திருக்குமா? 1914 நவம்பரில் அவர் சோமாலிலாந்தில் இருந்தார். பிரான்சுக்குப் போனது 1915இல். ஆகவே வாய்ப்பில்லை. இப்படி யோசிப்பதுதான் பதக்கம் படிப்பது.

வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் பெயர், படைப்பிரிவு இருக்கும், சாதாரண வீரர் என்றால் எண்ணும் இருக்கும். இந்தியப் படையினருக்கும் இதே பதக்கம் கொடுத்தார்கள். தொழிலாளர் படைகளுக்கு மட்டும் வெள்ளிக்குப் பதில் வெண்கலம். வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால், தயவுசெய்து குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்து தேய்ந்தால் அந்த மனிதரே தொலைந்த மாதிரி. ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் போதும்.

படி 5: இரண்டாம் உலகப் போர்

இங்கே சிக்கல். பிரிட்டனில் கொடுத்த நட்சத்திரங்களில் பெயரே பொறிக்கவில்லை. ஆறு முனை, மஞ்சள் நிற உலோகம், எல்லாம் ஒரே வடிவம். ரிப்பன் நிறத்தைத்தான் நம்ப வேண்டும். 1939-45 நட்சத்திரத்துக்குக் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம்: கடற்படை, தரைப்படை, விமானப்படை. ஆப்பிரிக்க நட்சத்திரத்துக்கு அடிநிறம் பாலைவன மணல் நிறம். பெயர் இல்லாததால் இவற்றைத் தனியாக வைத்து யாருடையது என்று சொல்ல முடியாது. முதல் போரின் பதக்கங்களோடு ஒரே கம்பியில் கோத்திருந்தால் தப்பித்தோம்.

படி 6: வரிசையில் இல்லாததைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பிரிட்டனில் காயத்துக்கென்று தனிப் பதக்கம் கிடையாது. 1916 முதல் சட்டையின் இடது கைப்பகுதியில் சிறிய தங்கநிறக் கோடு தைத்துக்கொள்ள அனுமதித்தார்கள், அவ்வளவுதான். ஆகவே புகைப்படத்தில் கையையும் பாருங்கள். கார்ட்டன் டி வியார்ட் தலை, கணுக்கால், இடுப்பு, கால், காது என்று பல இடங்களில் அடிபட்டவர்.

1940இல் நார்வேயின் நாம்சோஸில் படையை நடத்தினார். அங்கிருந்து பின்வாங்கி ஸ்காட்லாந்து கரை சேர்ந்த நாள் மே 5, அவருடைய அறுபதாவது பிறந்தநாள். நம்மூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும் வயது! மறு ஆண்டு யூகோஸ்லாவியாவுக்குப் போகும் வழியில் விமானம் லிபியா கரையோரக் கடலில் விழுந்தது. நீந்திக் கரையேறியவரை இத்தாலியர்கள் பிடித்து, பிளாரன்ஸ் அருகே ஒரு கோட்டையில் அடைத்தார்கள். அங்கே மற்ற அதிகாரிகளோடு சேர்ந்து ஏழு மாதம் சுரங்கம் தோண்டி 1943 மார்ச்சில் தப்பினார். ஒற்றைக் கண், ஒற்றைக் கை, இத்தாலி மொழியும் தெரியாது. அப்படியும் எட்டு நாள் பிடிபடாமல் சுற்றினார்.

சிறைவாசத்துக்கு பிரிட்டன் பதக்கம் எதுவும் கொடுக்கவில்லை. பதக்க வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வெற்றிடம். இத்தகைய இடைவெளி தெரிந்தால் கைதிகள் பட்டியலையும் படைப்பிரிவின் நாட்குறிப்பையும் தேட வேண்டும். அவருடைய சுயசரிதை உதவும் என்று நினைத்தால், அதில் விக்டோரியா கிராஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போரின் கடைசி ஆண்டுகளில் சீனாவில் அந்நாட்டுத் தலைவர் சியாங் கை ஷேக்கிடம் சர்ச்சிலின் பிரதிநிதியாக இருந்தார். அங்கிருந்து ஊர் திரும்பும் வழியில் ரங்கூனில் தங்கியபோது, மாடிப்படியில் விரித்திருந்த தென்னைநார் விரிப்பில் வழுக்கி விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். அதற்குச் சிகிச்சை பார்த்த இங்கிலாந்து மருத்துவர்கள், பழைய போர்களில் அவர் உடம்புக்குள் போன குண்டுச் சில்லுகளையும் கையோடு வெளியே எடுத்தார்கள்.