பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பாட்டியின் சுருக்குப்பையில் ஓர் ஓட்டைக் காலணா கிடைத்தது. 1944. கன்னங்கரேலென்று இருந்தது. குத்துவிளக்குக்குச் செய்வதையே அதற்கும் செய்தேன்: புளி, உப்பு, ஐந்து நிமிடத் தேய்ப்பு. உரித்த கோழி மாதிரி ஒரு வெளிர்சிவப்பு வந்தது. பெருமையாக நாணயக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கையில் வாங்கியதுமே, "தேய்ச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான நாணயங்களைச் சுத்தம் செய்யாமல் விடுவதுதான் சரி. செம்பின் கருமையும் வெள்ளியின் சாம்பல் நிறமும் அழுக்கு அல்ல. அந்த உலோகமே காற்றோடு சேர்ந்து பல வருடங்களில் உண்டாக்கிய தோல் அது. புளியின் அமிலம் அதைக் கரைக்கும். தேய்ப்பு அடியிலுள்ள உலோகத்தில் மயிரிழைக் கீறல்களைப் போடும். பாலிஷ், பற்பசை, விபூதி எல்லாம் இதே கதைதான். அலுமினியப் பைசாவோ புளிப்பையும் தாங்காது, சமையல் சோடாவையும் தாங்காது.

ஆனால் காசின் மேல் வந்து ஒட்டியதை எடுக்கலாம். மண், எண்ணெய்ப் பிசுக்கு, பூஜை ரூபாயில் அப்பிய குங்குமம், யாரோ ஒட்டிய செலோடேப்பின் பசை, இவை மட்டும்.

1. பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். காசை விளிம்பில் பிடித்து, விளக்கடியில் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். ஒளிக்கீற்று சக்கரம் போலச் சுற்றி வந்தால் அது அக்கசாலையில் அச்சான நாளின் பளபளப்பு. அந்தக் காசை அப்படியே உறையில் போடுங்கள், வேலை முடிந்தது.

2. ஊற வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு நாள் போட்டு வையுங்கள். கிண்ணத்துக்கு ஒரே காசு. இரண்டு போட்டால் ஒன்றையொன்று உரசும். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும்.

3. பசைக்கு அசிட்டோன். ரசாயனக் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோன்தான் வேண்டும். நகப்பூச்சு அகற்றியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். மொட்டை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ, அடுப்பும் சாம்பிராணியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சீக்கிரம் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் கரைந்துவிடலாம், அதனால் கண்ணாடிதான். சில நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒரு முறை அலசி எடுத்தால் போதும்.

4. முள். எழுத்துகளுக்கு நடுவே மண் இறுகியிருந்தால் ஊசி எடுக்காதீர்கள். ஊறிய காசில், லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டே, மூங்கில் பல்குச்சியால் மண்ணை மட்டும் நெம்புங்கள். ஆற்றுமணலில் கிடைக்கும் சோழர் காசுகளுக்கு முள்ளும் பயன்படும். அரை மணி நேரத்தில் ஓர் எழுத்து தெரிந்தால் அன்றைக்கு அது போதும். வராவிட்டால் மறுபடி ஊற வையுங்கள்.

5. ஒற்றி எடுங்கள். பருத்தித் துணியில் வைத்து ஒற்றுங்கள், துடைக்கக் கூடாது.

அப்புறம் பச்சை. செம்பில் களிம்பு ஏறுவதைச் சைவ சித்தாந்தம் ஆணவத்துக்கு உவமையாகச் சொல்லும். கூடவே பிறந்தது என்று. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது காசுக்குக் காவல். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது, ஈரம் பட்டால் அரிப்பு தொடரும். அந்தக் காசை உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனி டப்பாவில் வைத்து, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

மற்றவற்றைப் பி.வி.சி. உறையில் மட்டும் வைக்காதீர்கள். புது ரெக்சின் பை மாதிரி வாசனை அடித்தால் அதுதான். நாளடைவில் பச்சைப் பிசின் கக்கும். மைலார் உறை கொஞ்சம் விலை கூடுதல், பரவாயில்லை.

முதல் முயற்சிக்கு, கடையில் குவித்துப் போட்டு விற்கும் இருபது பைசா நாணயங்களில் இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். என் காலணா இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. பழுப்பு மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. ஓட்டையைச் சுற்றி, கட்டைவிரல் அழுந்தித் தேய்த்த இடம் மட்டும் இன்னும் சிவப்பு.