குழந்தைக்கான வசிப்பு அனுமதி: பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள்

வெளிநாட்டுக்குக் குடிபெயரும்போது பெற்றோரின் அனுமதியே போதும் என்று எண்ணிவிட வேண்டாம்; பெரும்பாலான நாடுகளில் கைக்குழந்தைக்கும் தனி வசிப்பு அனுமதி தேவை. என் பார்வையில், முதலில் கவனிக்க வேண்டியது பிறப்புச் சான்றிதழைத்தான். பொது ஆவணங்களை வெளிநாட்டில் ஏற்பது குறித்த 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இரு நாடுகளுக்கிடையே நடைமுறையில் இருந்தால், அந்தச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (ஆவணத்திலுள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று அதை வழங்கிய நாடு தரும் சான்று) போதும். இல்லையெனில் பொதுவாகத் தூதரகச் சான்றொப்பம் வரை செல்ல வேண்டியிருக்கும். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தாலும் முன்கூட்டியே திருத்திவிடுங்கள், ஏனெனில் பிறகு திருத்தினால் அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய நேரிடும். பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் சென்றால், மற்றவரின் சான்றளிக்கப்பட்ட ஒப்புதல் கடிதமும் பல நாடுகளில் கேட்கப்படும். குழந்தையின் பாஸ்போர்ட் விரைவில் காலாவதியாவதாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.